இங்கே ஏது லேத்?

அழைப்பு மணி அடித்ததும் முதலில் இரும்பு கடையும் லேத்தை நிறுத்தினேன். பிறகு கொட்டகைக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் வந்திருப்பது யாரென்று பார்க்க வாசலுக்குப் போனேன். இந்த வரிசை அன்றைக்குத் தற்செயலாக அமைந்ததல்ல. பல மாதமாகப் பழகி வந்தது.

கேட்டுக்கு வெளியே மாவு மில் வசந்தா நின்றிருந்தார். ஓணத்துக்கு முந்தைய வாரம். காலையில் பெய்த மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சாக்கில் சுற்றிய கனமான ஏதோ ஒன்றை இடுப்பில் இடுக்கியிருந்தார். புடவையிலும் புருவத்திலும் அரிசி மாவு.

"சாரே, தொந்தரவுன்னு நெனைக்காதீங்க. மில்லைச் சுத்தற ஷாஃப்ட் ஒடிஞ்சு போச்சு. ஓணம் வருதில்லே, பட்டறை ஒண்ணும் தொறக்கல்ல. கரமனையிலயும் கேட்டாச்சு, சாலைக் கடைத்தெருவிலயும் கேட்டாச்சு. சாரு வீட்ல லேத் இருக்குன்னு ஆரோ சொன்னாங்க."

"லேத்தா? இங்கே ஏது லேத்?"

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் கரி பிடித்த மாதிரி கறுப்பு. செருப்பின் ஓரத்தில் இரும்புச் சுருள் ஒன்று சிக்கி, வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது.

வசந்தா அந்தச் சுருளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டையும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியா சாரே. ஆரோ தெரியாம சொல்லிட்டாங்க போல."

பொய்யைச் சொன்னவன் நான். அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்துத் தந்துவிட்டு அவர் வெயிலில் நடந்து போனார்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்ல வெளிச்சத்திலேயே காட்டி வந்திருக்கிறேன் என்று என் மனைவி ரோஸ்லினுக்கு ஒரு புகார் உண்டு. இந்த வாரம் அந்தப் புகார் தீரும்.

அழுக்குப் படாத கை

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். பாறசாலைப் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்தில் டிப்ளமோ என்றால் பாதி எஞ்சினீயர். பேச்சில் முழு எஞ்சினீயர். பாலிடெக்னிக் பணிமனையில் முதன்முதலாக லேத்தின் முன் நின்ற நாளில், இரும்பு இவ்வளவு சொன்னபடி கேட்குமா என்று ஆச்சரியப்பட்டேன். சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை ஊருக்குப் போகும் பஸ்ஸிலும் என் சட்டையில் இருக்கும். பக்கத்து சீட்காரர் முகம் சுளிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு குடிநீர் விநியோகிக்கும் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மேஜை, நாற்காலி, கோப்பு. பம்புகள் எங்கோ ஓடின. அவை பழுதான செய்தி மட்டும் காகிதமாக என்னிடம் வரும். நான் குறிப்பெழுதி மேலே அனுப்புவேன். கையில் அழுக்கே படாமல் பணிக்காலம் முடிந்தது. பாப்பனங்கோட்டில் வீடு கட்டியாயிற்று. மகள் கல்யாணமாகி பெங்களூரு போய்விட்டாள். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் சந்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அங்கேயும் குறிப்பெழுதும் வேலைதான்.

அப்படி இருக்கையில்தான் நேமத்தில் ஒரு பழைய பட்டறையை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தார்ப்பாய்க்குள் ஒரு விருந்தாளி

பட்டறைக்காரர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வளைகுடாவில். அந்த இடத்தில் கடைகள் கட்டப் போவதால் உள்ளே இருப்பதையெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். ஒழுகும் ஓட்டுக்கு அடியில், ஒரு மூலையில், அது நின்றிருந்தது. இங்கிலாந்தில் வார்த்த சின்ன லேத். உயரம் என் இடுப்பளவு. மேலே பச்சைப் பெயின்ட், அது உரிந்த இடத்தில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் கறுப்பு. தோல் பெல்ட் அறுந்து தொங்கியது. இரும்பைக் கவ்விச் சுழலும் சக் துரு பிடித்திருந்தது; அதை ஒரு கையால் சுற்றிப் பார்த்தேன். முனகிக்கொண்டே கால் சுற்று சுற்றியது.

அந்தக் கால் சுற்றில் விழுந்தவன்தான்.

டெம்போவில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, சந்தில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான வேளையாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். இறக்க வந்த சுமட்டுத் தொழிலாளிகளில் ஒருவர், "இது என்ன சாதனம் சாரே?" என்றார்.

"பழைய ஜெனரேட்டர்."

அவர் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த டெயில் ஸ்டாக்கை, அதாவது லேத்தின் வால் முனையை, தட்டிப் பார்த்தார். "ஜெனரேட்டருக்கு வாலுண்டா சாரே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஏன் இந்த ஒளிவு மறைவு? தன் பணத்தில், தன் வீட்டில், தனக்குப் பிடித்த ஒரு யந்திரத்தை வைத்துக்கொள்ள ஒருவன் ஏன் திருடன் மாதிரி நடக்க வேண்டும்? அதைச் சொல்ல வேண்டுமானால் வசந்தாவின் மில்லுக்குப் போக வேண்டும்.

வீடு குடியிருக்கத்தான்

வசந்தா போனக்காடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் முருகன் தம்பானூரில் ஆட்டோ ஓட்டுகிறார். சந்தின் கோடியில் சொந்தமாகச் சின்ன வீடு. அதை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறையில் மாவு மில் வைத்திருந்தார். அரிசி, மிளகாய், மல்லி, மஞ்சள். எங்கள் சந்தில் தமிழ் பேசுகிற வீடுகள் குறைவு என்பதால், பள்ளியில் டீச்சராக இருந்த ரோஸ்லினிடம் அவருக்கு ஒட்டுதல் அதிகம். "டீச்சர், தமிழ்ல நாலு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வருவார். மல்லிப் பொடி வாசனையும் கூடவே வரும்.

சந்தில் புதிதாக எழுந்த மாடி வீடுகளுக்குக் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் பேசும்போது மில் சத்தம் கேட்கிறதென்று சங்கத்துக்குப் புகார் வந்தது. தலைவர் பாஸ்கரன் நாயர் என்னைப் பார்த்தார். "சாரு எஞ்சினீயர் அல்லே, சாரு தன்னே ஒண்ணு நோக்கணும்."

நான் போய்ப் பார்த்தேன். மில் ஓடும்போது தகரம் அதிர்ந்தது உண்மை. வசந்தா உடனே அதை நிறுத்திவிட்டு, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"சத்தம் கொறைய ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க சாரே. நாங்க செஞ்சுக்கறோம். சாருக்குத் தெரியாததா?"

"வழி ஒண்ணும் இல்ல வசந்தா. மிஷின்னா சத்தம் போடத்தான் செய்யும். வீடு குடியிருக்கத்தான். தொழில் நடத்த இல்ல."

கடைசி இரண்டு வாக்கியங்களும் எனக்கே பிடித்துப் போயின. சங்கக் கூட்டத்தில் அவற்றையே தீர்மானமாக எழுதினேன். குடியிருப்பு வீடுகளில் மோட்டார் வைத்த யந்திரம் எதுவும் ஓட்டக் கூடாது. கையைத் தூக்கி நிறைவேற்றினார்கள். வசந்தா சண்டைக்கு வரவில்லை. கைமனம் சந்திப்பில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மில்லை அங்கே மாற்றிக்கொண்டார். சண்டை சச்சரவு இல்லாமல் செயலாளர் காரியத்தை முடித்தார் என்று ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஒரு பொன்னாடை கிடைத்தது.

அதன் பிறகு அவர் ரோஸ்லினிடம் பேச வருவது குறைந்தது. கைமனம் கொஞ்சம் தூரம், நேரம் கிடைப்பதில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

மோட்டார் வைத்த யந்திரம் எதுவும் கூடாது என்று எழுதிய கையால்தான் அந்த லேத்துக்கு மோட்டார் பூட்டினேன்.

எறும்பு வந்த கொட்டகை

அந்த மாதங்களைப் பற்றி எழுதும்போது வெட்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

லேத்தைக் கடைசி ஆணி வரை கழற்றினேன். துரு பிடித்த சின்னப் பாகங்களை வெல்லப்பாகு கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டேன். துரு அதில் தானாகவே கழன்று வரும். எறும்பும் தானாகவே வரும். "கறிவேப்பிலைக்குப் பொறத்தே வரிசையா போவுது. கொட்டகைக்குள்ள என்ன, மிட்டாய்க் கடையா வச்சிருக்கிய?" என்று ரோஸ்லின் சத்தம் போட்டாள்.

டெயில் ஸ்டாக் இறுகிப் போயிருந்தது. தினமும் எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, ஒருநாள் அது மனமிரங்கி நகர்ந்தபோது சமையலறைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். ஒரு பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தது. அந்த இடத்தில் பித்தளையை உருக்கி நிரப்பி, அரத்தால் தேய்த்தே புதுப் பல்லை உருவாக்கினேன். யந்திரத்தின் அடித்தளமான பெட், சக்குக்குப் பக்கத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. நீலச் சாயம் தடவி, மேடான இடங்களை மட்டும் கண்டுபிடித்து, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினேன். ஷேவிங் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்த்தால் காதெல்லாம் நீலமாக இருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சடசடவென்று அடிக்கும் தோல் பெல்ட்டுக்குப் பதிலாகப் புது வகை பெல்ட். வீட்டுக் கரண்டிலேயே பெரிய மோட்டாரை ஓட்டவும், ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஒரு டிரைவ் பெட்டி. மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைச் சிவப்பு எழுத்தில் காட்டும் டிஜிட்டல் பட்டை. கிழவருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து புதுப் பல் செட்டும் கட்டின மாதிரி இருந்தது.

முதல் இரும்புத் துண்டைக் கடைந்தபோது சுருள் நீலமாகக் கன்றி, உடையாமல் நீளமாக வழுக்கிக்கொண்டு வந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. யாரைக் கூப்பிடுவது? ரோஸ்லின் வந்து பார்த்து, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் என் கண்காட்சி.

சத்தத்தை அடக்குவது தனி வேலையாயிற்று. சாலைக் கடைத்தெருவில் தடித்த கயிற்றுப் பாய்களாக வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு ஜெப வீட்டுக்கு என்றேன். கொட்டகையின் சுவருக்கு உள்ளே பலகையால் இன்னொரு சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாய்களைத் திணித்தேன். லாரி டயரை வெட்டி லேத்தின் கால்களுக்கு அடியில் வைத்தேன். கதவு இடுக்கெல்லாம் ரப்பர். பிறகு லேத்தை ஓட விட்டு, ரோஸ்லினைச் சந்தில் நடந்து பார்க்கச் சொல்லி போனில் கேட்டேன்.

"இங்க கேக்கல்ல. நாயர் சார் வீட்டுப் பக்கம் கொஞ்சம் கேக்குது. பூனை உறுமற மாதிரி."

இன்னும் இரண்டு பாய் வாங்கினேன்.

மார்த்தாண்டத்தில் ஓணம் இல்லை

வசந்தா கேட்டிலிருந்து திரும்பிப் போன அன்று ரோஸ்லின் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வசந்தாவை வழியில பாத்தேன். ஷாஃப்ட் கொண்டு வந்தாளா?"

"ம்."

"லேத் இல்லன்னு சொன்னியளா?"

நான் விரலில் ஒட்டிய கரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல. சாரு வீட்டுல போனேன், அங்க இல்லியாம்னு மட்டும் சொன்னா. நான் என்ன சொல்லணும்? நானும் இல்லன்னு சொல்லணுமா?" செருப்பை உதறிக் கழற்றினாள். "ஓண வாரமாக்கும். வருஷத்துல அவளுக்குன்னு நாலு காசு வர்ற நேரம் இதுதான். முன்ன மில்லைத் தூக்க வச்சிய. இப்ப இதும்."

அந்தச் சந்தில் ஓய்வு பெற்ற அதிகாரி என்றும் செயலாளர் என்றும் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. என் வீட்டுக் கூடத்தில் அது அன்று இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கைமனத்துக்கு நடந்தேன்.

மில் அறையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுவரோரமாகப் பேர் எழுதிய டப்பாக்களும் பைகளும் அரைபடக் காத்திருந்தன. நடுவில் மில் வாயைப் பிளந்து கிடந்தது. வசந்தா தரையில் உட்கார்ந்து மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வசந்தா, அந்த ஷாஃப்டைத் தாங்க. நான் ஒண்ணு பாக்கட்டும்."

"கொழப்பமில்ல சாரே. அவரு மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போயிருக்காரு. அங்க பட்டறை எல்லாம் தொறந்திருக்குமாம். ஓணம் இங்கதானே." சொல்லிவிட்டு, "சாரு இதுக்காக வெயில்ல நடந்து வந்தீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியில் கிண்டல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

என்னிடம் லேத் இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன். "சரி, வேலை நடக்கட்டும்" என்றுதான் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

புல்லி

மறுநாள் காலை போன் வந்தது ரோஸ்லினுக்கு. மார்த்தாண்டத்தில் புது ஷாஃப்ட் கடைந்து தந்துவிட்டார்கள். ஆனால் பெல்ட் மாட்டும் புல்லியை முருகன் கொண்டு போகவில்லை. அதன் துளை பழைய ஷாஃப்ட்டோடு சேர்ந்து தேய்ந்து, முட்டை வடிவமாகியிருந்தது. புது ஷாஃப்ட்டில் மாட்டினால் லொட லொட என்று ஆடுகிறது.

ரோஸ்லின் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "கொண்டு வா வசந்தா. இங்க லேத் உண்டு" என்றாள்.

முருகன் ஆட்டோவில் புல்லியையும் ஷாஃப்ட்டையும் கொண்டுவந்து இறக்கினார். சவாரி இருக்கிறதென்று உடனே போய்விட்டார். வசந்தாவை நான் கொட்டகைக்குள் அழைத்துப் போனேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, நேற்று "இங்கே ஏது லேத்" என்றவன் இன்றைக்கு அதை அவருக்கே காட்டிக்கொண்டு நின்றேன். வெல்லப்பாகிலிருந்து எழுந்து வந்த என் யந்திரம் பளபளவென்று இருந்தது. எங்காவது கொஞ்சம் அழுக்காக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அவர் லேத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

புல்லியைச் சக்கில் கவ்வ வைத்து, துளையைச் சீராக்கிக் கடைந்தேன். இனி ஷாஃப்ட்டுக்கும் துளைக்கும் நடுவே சரியாகப் பொருந்தும் ஒரு வளையம் வேண்டும். இரும்பில் முதல் வளையத்தைக் கடைந்தேன். சிவப்பு எழுத்தில் எண் தெளிவாகத் தெரிந்தும் ஒரு சுற்று அதிகம் திருகிவிட்டேன். வளையம் துளைக்குள் தொளதொளவென்று விழுந்தது. அதைத் தூர வைத்துவிட்டு வேறு துண்டை எடுத்தேன்.

"இந்தப் பலகை எதுக்கு சாரே?" என்றார் வசந்தா. பலகை முடிகிற மூலையில் பாயின் விளிம்பு தெரிந்தது. அதை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வெளியே போகாம இருக்க."

"போகல்லியா?"

"அவ்வளவா போகாது."

குனிந்து லேத்தின் காலடியைப் பார்த்தார். "இந்த டயரும் அதுக்குத்தானா?"

"ஆமா."

நிமிர்ந்து பலகையை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"இதை அன்னைக்கு எனக்கும் சொல்லியிருக்கலாம் சாரே. ரெண்டு பாய், கொஞ்சம் பலகை. எங்களால முடிஞ்சிருக்கும்."

குமிழைத் திருகி யந்திரத்தை நிறுத்தினேன். "அன்னைக்கு எனக்குத் தெரியல்ல வசந்தா" என்றேன்.

அது பொய் இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாதுதான். ஆனால் தெரியாமல் போனது எப்படி? ரப்பரும் பலகையும் பாயும் எனக்காக வேண்டியிருந்தபோது மாதக் கணக்கில் யோசித்துக் கண்டுபிடித்தேன். அவருக்காக வேண்டியிருந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே, வழி இல்லை என்றேன். அவர் கேட்டது ஒரு எஞ்சினீயரிடம். பதில் சொன்னது செயலாளர்.

இரண்டாவது வளையத்தை மூச்சை அடக்கிக் கடைந்தேன். மரச் சுத்தியலால் தட்டியபோது இறுக்கமாக உள்ளே இறங்கியது. புல்லியையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் சாவிக்கு அரத்தால் பள்ளம் தேய்த்து, ஷாஃப்ட்டில் கோர்த்துச் சுற்றிக் காட்டினேன். ஆட்டமில்லை. அவர் முகம் தெளிந்தது.

"மன்னிக்கணும், வசந்தா."

"அய்யோ, அதெல்லாம் எதுக்கு சாரே. மில் ஓடினா போதும்." புல்லியைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்திருந்தார். வெளியே ரோஸ்லின் ஆட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெட்போன்

சங்கத்தின் ஓணக் கொண்டாட்டம் சந்திலேயே நடந்தது. அத்தப்பூக் கோலம், உறியடி, கயிறு இழுத்தல், எல்லாம் முடிந்து பாயசத்துக்கு உட்கார்ந்தபோது நான் எழுந்தேன். இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு. தீர்மானம் எழுதிய நானே அதை மீறிவிட்டேன், என் கொட்டகையில் லேத் வைத்திருக்கிறேன், செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். யாராவது கோபமாக ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

பாஸ்கரன் நாயர் சிரித்தார். "சாரே, அது நம்ம எல்லாருக்கும் தெரியுமல்லோ."

"எல்லாருக்குமா?"

"பின்னே! இறக்கின சுமட்டுக்காரங்க அன்னைக்கே சொன்னாங்க. பாவம், ரிட்டயர் ஆன மனுஷன், நேரம் போக வேண்டாமா. சாருக்குச் சங்கடம் ஆக வேண்டாம்னு ஆரும் கேக்கல்ல."

"சத்தம் கேக்குமா?"

"கேக்கும். அது சாரமில்ல, பரவாயில்ல."

மாடி வீட்டுப் பெண், முதன்முதலில் மில்லைப் பற்றிப் புகார் கொடுத்தவர், ஆறுதலாகச் சொன்னார்: "அங்கிள், டென்ஷன் வேண்டாம். ஹெட்போன் வச்சா ஒண்ணும் கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாய்க்குப் பாய் வாங்கி அடைத்ததும், மணி அடித்தால் லேத்தை நிறுத்திவிட்டு ஓடியதும், இவர்கள் பார்க்க நடந்த நாடகம். ஆனால் சுட்டது அது இல்லை.

"வசந்தா மில்லுக்கு ஹெட்போன் வச்சிருக்கலாமே" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் பாயசக் கிண்ணத்தைப் பார்த்தார். நாயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது பிசினஸ் அல்லே சாரே" என்றார். பிறகு அவருக்கே அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். "பின்னே, சாரு அல்லே சொன்னது, வழி இல்லன்னு? சாரு சொன்னதுனால அல்லே நாங்க கை தூக்கினோம்?"

அதுவரை, சங்கம் சொன்னதை நான் செய்தேன் என்றே நினைத்திருந்தேன். சங்கம், நான் சொன்னதைச் செய்திருக்கிறது.

தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும், வசந்தா விரும்பினால் மில்லைத் திரும்பக் கொண்டு வரலாம், அதன் சத்தத்தைக் குறைக்கும் வேலையை நான் செய்து தருவேன் என்றேன். "சாரு சொன்னா சரி" என்றார் நாயர். கைகள் உயர்ந்தன. முன்பு போலவே, அவ்வளவு சுலபமாக. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை. செயலாளர் பதவியிலிருந்து மட்டும் விட மாட்டோம் என்றார்கள். விலகுவதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வரிசை

ஓண விடுமுறை கழிந்து மில் மறுபடி திறந்த நாள், பச்சரிசியை ஊற வைத்து உலர்த்தி ரோஸ்லின் ஒரு பாத்திரத்தில் தந்தாள். மில்லைத் தூக்கியதிலிருந்து பாக்கெட் மாவுதான் எங்கள் வீட்டில். கைமனத்தில் வாசல் வரை கூட்டம். என்னைக் கண்டதும் ஒருவர், "சாரு முன்னால போகட்டே" என்று வழி விட்டார். வேண்டாம் என்று கடைசியில் போய் நின்றேன்.

புல்லி ஆட்டமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேல் சத்தமாக, சங்கம் தீர்மானத்தை எடுத்துவிட்ட செய்தியை வசந்தாவிடம் சொன்னேன். அவர் மாவைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"டீச்சரும் சொன்னாங்க சாரே. ஆனா வேண்டாம். அங்க வந்தா நாளைக்கு இன்னொருத்தர் வேற ஏதாவது சொல்லுவாங்க. அப்பவும் நான் ஆருகிட்டயாவது போய் நிக்கணும். இங்க வாடகை கொடுக்கிறேன், ஷட்டரைத் தொறக்கிறேன், அடைக்கிறேன். ஆரையும் கேக்க வேண்டாம்."

"சரி வசந்தா" என்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணியின் மிளகாய் அரைபட்டது. எல்லோரும் தும்மினோம். மில்லைத் துடைத்துவிட்டு வசந்தா என் பாத்திரத்துக்குக் கை நீட்டினார். மூடியைத் திறந்து அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"புட்டுக்கா, இடியாப்பத்துக்கா?"